ரொக், ஜாஸ் இசையில் வாத்தியம் வாசித்த பெண்களைத் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஞாயிறுதோறும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். ஜாஸ் இசையில் பெண்கள் யார் யார் என்று ஒருத்தி கேட்டாள். பில்லி ஹொலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று அடுக்கினேன். "அவர்கள் பாடுகிறவர்கள்தானே டீச்சர், வாசிக்கிறவர்கள் யார்?" என்றாள்.

முதல் தவறு என் பதிலிலேயே இருந்தது. பெண் கலைஞர் என்றதும் மனம் மைக்கின் முன்னால் நிற்பவரிடம் போய்விடுகிறது. பாடிக்கொண்டே வாசித்தவராக இருந்தாலும் குரலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1915இல் ஆர்கன்சாவில் பிறந்தவர். தேவாலயப் பாடல்களை மின் கிட்டாரோடு பாடியவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 1964இல் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்றில் தொலைக்காட்சிக்காக அவர் வாசித்த காட்சி இணையத்தில் கிடைக்கிறது. தண்டவாளத்தின் ஒரு பக்கத்து மேடையில் அவர், எதிர்ப்பக்கத்து மேடையில் ரசிகர்கள். ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்து நின்ற எவருக்கும் அந்தக் காட்சி மனதில் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் தடவை அவருடைய கைகளை மட்டும் பாருங்கள். அவர் இறந்தது 1973இல். ரொக் இசையின் முன்னோடி என்று அமெரிக்காவின் 'ரொக் அண்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேம்' அவரைச் சேர்த்துக்கொண்டது 2018இல்தான்.

அடுத்த தவறு, அல்பத்தின் உறையை நம்புவது. உறையில் பெயர் இல்லையென்றால் ஆளும் இல்லை என்று நினைத்துவிடுகிறோம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அம்மாவின் பெயர் இருக்கும், கொழுந்து நிறுக்கும்போதும் இருக்கும். தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். 1960களின் லொஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்களிலும் அப்படித்தான். கரோல் கே ஜாஸ் கிட்டார் வாசித்துவந்தவர். 1963இல் ஒரு பதிவுக்கு பேஸ் கலைஞர் வராததால், தாழ்ந்த சுருதியில் பாட்டைத் தாங்கும் பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்தார். பீச் போய்ஸ் குழுவின் 1966ஆம் ஆண்டு அல்பமான 'பெட் சவுண்ட்ஸ்' முதல் 'மிஷன் இம்பொசிபிள்' தொலைக்காட்சித் தொடரின் இசை வரை அவருடைய விரல்கள் இருக்கின்றன. கேட்டவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள், பெயர் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஆகவே பாடகரின் பெயரோடு நின்றுவிடாமல், அந்தப் பதிவில் யார் எதை வாசித்தார்கள் என்ற பட்டியலைத் தேடுங்கள். இசைப்பதிவுகளின் விவரங்களைத் திரட்டும் டிஸ்கொக்ஸ் இணையத்தளத்தில் பல அல்பங்களுக்கு அது உண்டு.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. மறக்கப்பட்டவர் என்ற அனுதாபத்தில், கிடைத்த பெருமையையெல்லாம் ஒருவர் தலையில் ஏற்றிவிடுவது. தாம் வாசித்ததாக கரோல் கே சொன்ன சில மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களின் பேஸ், அந்த நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது என்று மற்றவர்கள் மறுத்திருக்கிறார்கள். சர்ச்சை உள்ள இடத்தில் சர்ச்சை உண்டு என்றே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். உறுதியாகத் தெரிந்த பதிவுகளே அவருடைய பெருமைக்குப் போதும்.

'முதல் பெண்', 'முதல் பெண்கள் குழு' என்ற பட்டங்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பிலிப்பீன்ஸில் பிறந்த ஜூன், ஜீன் மில்லிங்டன் சகோதரிகளின் ஃபேனி குழு 1970இல் பெரிய நிறுவனம் ஒன்றின் மூலம் முழு அல்பம் வெளியிட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே 'கோல்டி அண்ட் த ஜிஞ்சர்பிரெட்ஸ்' பெண்கள் குழு பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்திருந்தது. பட்டத்துக்காகச் சண்டை போடும் நேரத்தில் இரண்டு குழுக்களையுமே கேட்டுவிடலாம்.

என்னை அதிகம் வருத்துவது, ஒரு கலைஞரை இன்னாருடைய மனைவி என்று அறிமுகம் செய்து அதோடு விட்டுவிடுவது. லில் ஹார்டின், பின்னால் தம் கணவரான ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ரோங்கைச் சந்திப்பதற்கு முன்பே கிங் ஒலிவரின் ஜாஸ் குழுவில் பியானோ வாசித்தவர். அலிஸ் கொல்ட்ரேனின் கதை நமக்கு இன்னும் கிட்டியது. டிட்ரொயிட்டில் வளர்ந்த பியானோ கலைஞர் அவர். கணவரான சாக்ஸஃபோன் கலைஞர் ஜோன் கொல்ட்ரேன் 1967இல் இறந்த பிறகு ஹார்ப் என்ற பெரிய யாழைத் தம் சொந்தக் குரலாக்கிக்கொண்டார். 1971இல் வெளியான அவருடைய அல்பத்தின் பெயர் 'ஜேர்னி இன் சச்சிதானந்தா'. அந்தப் பெயருக்குரிய அவருடைய குரு சுவாமி சச்சிதானந்தர் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழர். 1966இல் நியூயோர்க் போவதற்கு முன்பு இலங்கையில் பல ஆண்டுகள் வாழ்ந்து, கண்டியில் ஆசிரமம் நடத்தியவர். அதே அல்பத்தில் 'ஸ்டொப்ஓவர் பொம்பே' என்றொரு இசை உண்டு. 1970 டிசம்பரில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போகவிருந்த பயணத்தில் பம்பாயில் தங்கவிருந்ததைக் குறிப்பது அது. தம்புராவின் சுருதி மேல் அந்த யாழ் எழும்போது, பனி மூடிய காலையில் கோயில் ஒலிபெருக்கி கேட்டு வளர்ந்த காதுக்கு ஜாஸ் அந்நியமாகப் படாது. நான் பிள்ளைகளுக்கு ஜாஸ் இசையை இங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

தனி வாசிப்பை மட்டும் தேடுவதும் தவறுதான். டிரோம்போன் என்ற ஊதுகருவிக் கலைஞர் மெல்பா லிஸ்டன் (1926–1999) ட்ரம்பெட் கலைஞர் டிஸி கிலெஸ்பியின் பெரிய குழுவில் வாசித்தார். தலைமை தாங்கிப் பதிவு செய்தது ஒரே ஒரு அல்பம். ஆனால் பியானோ கலைஞர் ரேண்டி வெஸ்டனின் பல அல்பங்களுக்கு எந்த வாத்தியம் எங்கே சேர வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவர் அவர். அந்த வேலை காதில் விழும், கண்ணில் படாது.

வேகமாக வாசிப்பவரே சிறந்தவர் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். குறுங்காணொளிகள் வேகத்தைத்தான் காட்டும், ஒரு பாட்டைத் தாங்கிப் பிடிக்கும் பேஸைக் காட்டுவதில்லை.

போன ஞாயிறு 'மிஷன் இம்பொசிபிள்' பேஸை எடுத்தோம். ஐந்து அடித் தாளம் என்பதால் எல்லோரும் தடுமாறினார்கள். தப்பு மேளம் அடிக்கும் குடும்பத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை கிட்டாரைக் கீழே வைத்தாள். மேசையில் விரலால் தட்டி, தகிட தகிட தக தக என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு எல்லோரும் அப்படியே வாசித்தார்கள்.