மீல் மேக்கர் என்று தேடினால் எதுவும் வராது: சோயா காப்புரிமைத் தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தம்பி இருக்கிறான், எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவன். போன மாதம் ஒரு சாயங்காலம் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான். மீல் மேக்கரைப் பொடித்து, தண்ணீர் கலந்த எத்தனாலில் ஊறவைத்து, அல்ட்ராசவுண்ட் கொடுத்து, சோயாவில் இயற்கையாகவே இருக்கும் ஐசோஃப்ளேவோன் என்ற பொருளைப் பிரித்திருக்கிறானாம். "நெட்ல தேடிட்டேன்ணே, ஒருத்தனும் பண்ணல, பேட்டன்ட் போட்ரலாம்" என்றான். என்ன வார்த்தை போட்டுத் தேடினாய் என்றேன். சோயா சங்க்ஸ் என்று போட்டானாம்.

அப்படிப் போட்டால் வராதுதான். நாம் கடையில் கேட்டு வாங்கும் பெயர் வேறு, ஆவணத்தில் எழுதுகிற பெயர் வேறு. மீல் மேக்கர் என்பது எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவை எக்ஸ்ட்ரூடரில் சூடாக அழுத்தித் தள்ளியது. ஆவணங்களில் அது டீஃபாட்டட் சோயாபீன் ஃப்ளேக், சோயா மீல், டெக்ஸ்சர்டு வெஜிடபிள் புரோட்டீன் என்றெல்லாம் வரும். முளைக்கருவை மட்டும் எடுத்தவர் சோயா ஜெர்ம் என்றோ ஹைப்போகாட்டில் என்றோ எழுதியிருப்பார். பால் பிழிந்த சக்கைக்கு ஒகாரா என்று பெயர். செடிக்கு இன்றைய பெயர் கிளைசின் மேக்ஸ், பழைய ஜெர்மன் கட்டுரைகளில் சோஜா ஹிஸ்பிடா. பிரித்தெடுக்கும் ஐசோஃப்ளேவோனின் பெயரோ இன்னும் மோசம். டெய்ட்சீன், ஜெனிஸ்டீன், கிளைசிடீன் என்று மூன்று. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு வடிவம், சர்க்கரை ஒட்டியது ஒன்று, அந்தச் சர்க்கரையில் அசிட்டைல் சேர்ந்தது ஒன்று, மலோனைல் சேர்ந்தது ஒன்று, ஆக 12 பெயர். இதில் ஒன்றை மட்டும் போட்டுத் தேடிவிட்டு யாரும் செய்யவில்லை என்று சொல்வது, தங்க சாலையில் ஒரு கடையில் மட்டும் கேட்டுவிட்டு ஊரிலேயே சரக்கில்லை என்று திரும்பி வருவது மாதிரி.

இன்னொரு பெயரும் உண்டு, பலர் கோட்டை விடுவது இதில்தான்: சோயா மொலாசஸ். புரோட்டீன் கான்சன்ட்ரேட் செய்யும் ஆலையில் சோயா ஃப்ளேக்கைத் தண்ணீர் கலந்த ஆல்கஹாலில் அலசுவார்கள், சர்க்கரை போவதற்காக. அந்தக் கழுவலில் ஐசோஃப்ளேவோனும் இறங்கிவிடும். ஆல்கஹாலை ஆவியாக்கினால் மிஞ்சும் பாகுதான் மொலாசஸ். அதிலிருந்து ஐசோஃப்ளேவோனைச் சேகரிக்க 1990களிலேயே அமெரிக்க சோயா நிறுவனங்கள் காப்புரிமை வாங்கின. ஆக, எத்தனாலில் இறங்குகிறது என்பது ஆலைக்காரர்களுக்குப் பழங்கதை.

இந்தப் பெயர்க் குழப்பத்திலிருந்து தப்பிக்க வகைப்பாட்டு எண்ணைப் பிடியுங்கள், அதாவது காப்புரிமை ஆவணங்களுக்குப் பொருள்வாரியாகக் கொடுக்கும் எண். எந்த மொழியில் எழுதினாலும் எண் ஒன்றுதான். ஐசோஃப்ளேவோனுக்கு சி07டி 311/36, அவரை குடும்பத்துச் செடிகளிலிருந்து எடுத்த மருந்துப் பொருளுக்கு ஏ61கே 36/48, திடப்பொருளிலிருந்து கரைப்பான் கொண்டு பிரிப்பதற்கு பி01டி 11/02. எஸ்பேஸ்நெட்டில் (ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளம்) இந்த எண்ணோடு ஒரே ஒரு வார்த்தையைச் சேர்த்துத் தேடினால் சீன, ஜப்பானிய ஆவணங்களும் வரும். மெஷின் மொழிபெயர்ப்பு கொஞ்சம் கண்றாவிதான், ஆனால் வெப்பநிலையும் சதவீதமும் எந்த மொழியிலும் படிக்கலாம். சீன ஆவணங்களை ஒதுக்கிவிட்டுத் தேடினால் இந்தத் துறையில் அது தேடலே இல்லை.

அப்புறம், காப்புரிமைகளை மட்டும் பார்த்தால் போதும் என்கிற நினைப்பு. ப்ரையர் ஆர்ட் என்பது உங்கள் விண்ணப்பத் தேதிக்கு முன் உலகத்தில் எங்கே வெளிவந்திருந்தாலும் அத்தனையும். சோயாவிலிருந்து இந்த கிளைகோசைடுகளை, அதாவது சர்க்கரை ஒட்டிய வடிவங்களை, பிரித்ததை ஒரு ஜெர்மன் வேதியியல் இதழ் 1931லேயே வெளியிட்டுவிட்டது. அல்ட்ராசவுண்ட் கொண்டு சோயா ஐசோஃப்ளேவோன் எடுத்த கட்டுரை 2003லேயே இருக்கிறது (இதைக் காட்டியபோது தம்பி டீயைக் கீழே வைத்துவிட்டான்). நம்மூர்ப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டுத் தளத்தில் கிடக்கின்றன, அதையும் துழாவுங்கள். ஐசோஃப்ளேவோன் இல்லை, சோயா எண்ணெயில் இருக்கும் ஸ்டெரால் எடுக்கிறேன் என்பவர்கள் அமெரிக்க வேதியியலாளர் பெர்சி ஜூலியனிடமிருந்து தொடங்க வேண்டும். சோயா எண்ணெய்த் தொட்டியில் தண்ணீர் கசிந்து வெள்ளையாக ஏதோ படிந்ததைப் பார்த்து அது ஸ்டிக்மாஸ்டெரால் என்ற ஸ்டெரால் என்று கண்டுகொண்டு, 1940 வாக்கில் அதிலிருந்து புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் செய்தவர் அவர்.

கிடைத்த ஆவணத்தைப் படிப்பதிலும் தவறு செய்கிறார்கள். கடைசியில் இருக்கும் கிளெய்ம்களை (எதற்கு உரிமை கேட்கிறார்கள் என்ற பட்டியல்) மட்டும் படித்து "நம்முது இதுல இல்ல" என்று மூடிவிடுகிறார்கள். உங்கள் புதுமையைக் கெடுப்பதற்கு கிளெய்ம் தேவையில்லை, உள்ளே எடுத்துக்காட்டு 7இல் ஒரு வரி இருந்தாலே போதும். காலாவதியான காப்புரிமை, பாதியில் கைவிட்ட விண்ணப்பம், எல்லாமே உங்களுக்கு எதிராக நிற்கும். காலாவதி ஆனதால் அதை நீங்கள் செய்து விற்கலாம், அது வேறு கணக்கு. உங்கள் பெயரில் காப்புரிமை கேட்க முடியாது.

அச்சு அசலாக அதே முறை இல்லையே என்று நிம்மதியாக இருப்பதும் ஆபத்து. ஒருவர் 70% எத்தனால் என்கிறார், இன்னொருவர் அல்ட்ராசவுண்ட் என்கிறார், இரண்டையும் சேர்ப்பது இந்தத் துறை தெரிந்த யாருக்கும் தோன்றும் என்று காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் எழுதினால் பதில் வேண்டுமே. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் கூடுதலாக 3(டி) பிரிவு இருக்கிறது: தெரிந்த செயல்முறையை வெறுமனே பயன்படுத்துவது கண்டுபிடிப்பாகாது, புதிய பொருள் கிடைக்க வேண்டும், இல்லை புதிய வினைபடுபொருள் ஒன்றாவது வேண்டும். செடியில் இயற்கையாகவே இருக்கும் பொருளை, பிரித்தேன் என்பதற்காகவே கேட்க 3(சி) விடாது. ஆகவே தேடும்போதே இந்தப் பிரிவுகளை மனதில் வைத்துத் தேடுங்கள்.

உங்கள் வாயே எதிரியாகும் இடமும் உண்டு. கல்லூரிக் கருத்தரங்கில் போஸ்டர் ஒட்டினீர்களா, வீடியோ போட்டீர்களா? அதுவும் ப்ரையர் ஆர்ட். இப்படி முன்கூட்டியே வெளியிட்டதைக் கணக்கில் எடுக்காமல் விடும் 12 மாத விலக்கு நம் சட்டத்தில் இருந்தாலும் அது சில குறிப்பிட்ட சூழல்களுக்குத்தான், ஐரோப்பாவில் அதுவும் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை தேடியதோடும் விடாதீர்கள். விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும், இன்று தெரியாதது அடுத்த வருடம் முளைக்கும். எந்தத் தேதியில், எந்தத் தளத்தில், எந்தச் சொல் போட்டுத் தேடினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் மறுபடி தேடும்போது பாதி வேலை மிச்சம். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க 1,600 ரூபாய்தான், அதனால்தான் பலர் தேடாமலே போட்டுவிடுகிறார்கள்; பரிசோதனைக்கு 4,000 கட்டிய பிறகுதான் ஆட்சேபணைகள் வரிசையாக வரும்.

தம்பிக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. மீல் மேக்கர் எக்ஸ்ட்ரூடர் சூட்டைப் பார்த்துவிட்டு வருவதால் அதில் மலோனைல் வடிவம் குறைந்து அசிட்டைல் வடிவம் கூடியிருக்கும். அவன் முறையில் அந்த அசிட்டைல் வடிவம் மட்டும் தனியாகப் பிரிகிற மாதிரி ஒரு கிராஃப் இருந்தது, அவனே அதைக் கவனிக்கவில்லை. இப்போது அந்த ஒன்றை மட்டும் வைத்து, மூன்று வேறு பெயர்களில், மறுபடி தேடிக்கொண்டிருக்கிறான்.