நூறு மீற்றர் என்றால் எவ்வளவு? திருகோணமலையில் முதல் தடவை திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு

முதல் தடவை போனபோது நான் விட்ட பிழையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கோணேசர் கோயில் மலைக்குக் கிழக்கே, காலை ஏழு மணி இருக்கும். தூரத்தில் வெள்ளைப் புகை போல ஒரு நீர்த்தூண் எழும்பியது. வள்ளத்தில் இருந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எழும்பி வலப்பக்கம் பாய்ந்தோம். வள்ளம் சரிந்து விளிம்பால் தண்ணீர் உள்ளே வந்தது. ஓட்டிய அண்ணன் போட்ட சத்தத்தில் எல்லோரும் பொத்தென்று இருந்துவிட்டோம். இரண்டு நிமிடம் கழித்து, "கிட்டப் போங்க அண்ணன், வடிவாத் தெரியேல்ல" என்று கேட்டதும் நாங்கள்தான். அவர் போனார். திமிங்கிலம் தாழ்ந்தது. அன்றைக்கு அவ்வளவுதான்.

காசு கொடுத்தவர்கள் கேட்டால் வள்ளக்காரர் மறுப்பது கஷ்டம். அதனால் திமிங்கிலத்திலிருந்து நூறு மீற்றர் தள்ளி நிற்பது போன்ற விதிகள் அவருக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, ஏறுகிறவர்களுக்கும் தெரிய வேண்டும்.

1. நாளும் நேரமும்

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை எங்கள் பக்கம் நல்ல காலம். தென்மேல் பருவக்காற்றில் தெற்குக் கரையில் மிரிஸ்ஸ பக்கம் கடல் கொந்தளிக்கும்போது கிழக்குக் கரை அமைதியாகக் கிடக்கும். கொட்டியாரக்குடாவை ஒட்டிக் கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்குக் கிட்டவே தொடங்குகிறது. அதனால்தான் நீலத்திமிங்கிலம் இவ்வளவு அருகில் வருகிறது. கோயில் மலையில் நின்றே ஊதலை, அதாவது அது மூச்சுவிடும்போது எழும்பும் நீர்த்தூணை, பார்த்தவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலை ஐந்தரை, ஆறு மணிக்குப் புறப்படுங்கள். காற்று எழும்பிக் கடல் நுரைக்கத் தொடங்கிவிட்டால் எது ஊதல், எது அலை என்று பிரித்தறிய முடியாது.

2. கரையை விட்டு இறங்குமுன்

உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே போட்டு வார்களை இறுக்குங்கள். பக்கத்தில் நிற்பவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். அங்கி காதுவரை ஏறி வந்தால் அது உங்களுக்குப் பெரிது, மாற்றிக் கேளுங்கள். (அதை மடித்துக் குந்தியிருக்கும் மெத்தையாகப் போடுகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.)

எண்ணெய்க்கு ஒரு பழைய கணக்கு உண்டு: போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மிச்சம் ஒரு பங்கு கையிருப்பு. எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு ஓட்டியின் கையிலோ காலிலோ மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தப்போவது அந்தக் கயிறுதான். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வள்ளத்தில் கடல் வானொலி இருந்தால் அவசரத்துக்கு 16ஆம் அலைவரிசை.

அப்புறம், யார் எந்தப் பக்கம் இருப்பது என்பதை இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். என்ன தெரிந்தாலும் இருந்த இடத்திலிருந்தே தலையைத் திருப்பிப் பார்ப்பது.

3. நூறு மீற்றரைக் கண்ணால் அளப்பது

திமிங்கிலத்திலிருந்து 100 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்பது இங்கே 2012இல் வந்த ஒழுங்குவிதி. படிக்க எளிது. ஆனால் கடலில் மரமும் இல்லை, மதிலும் இல்லை. புதியவர்களுக்கு எல்லாமே தூரமாகத்தான் தெரியும்.

கிரிக்கெட் பிட்சை நினைத்துக்கொள்ளுங்கள். விக்கெட்டுக்கு விக்கெட் 20 மீற்றர். ஐந்து பிட்சை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 100. இன்னொரு வழி விரல். கையை முழுதாக நீட்டி ஒரு கண்ணை மூடுங்கள். 19 அடி வள்ளம் ஒன்று பக்கவாட்டில் நிற்கும்போது உங்கள் இரண்டு விரல் அகலத்துக்குள் மறைந்தால் அது ஏறக்குறைய 100 மீற்றரில் நிற்கிறது. மறைக்க நாலு விரல் வேண்டுமென்றால் 50 தான். நீலத்திமிங்கிலத்தின் ஊதல் காற்றில்லாத காலையில் 9 மீற்றர் வரை எழும்பும். விரல்களைப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள்: மூன்று விரலுக்கு மேல் உயரமாகத் தெரிந்தால் நீங்கள் கூடுதலாகக் கிட்டப் போய்விட்டீர்கள். கடற்கரையில் நின்று, நங்கூரம் போட்ட வள்ளங்களை வைத்து முதல் நாளே பழகிப் பாருங்கள்.

4. கிட்டும் முறை

300 மீற்றரிலேயே வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆறு நொட், அதாவது மணிக்கு 11 கிலோமீற்றர் போதும். அவுஸ்திரேலியாவின் வழிகாட்டியிலும் இதே தூரம், இதே வேகம்தான். பின்னால் வெள்ளை நுரைக்கோடு நீளமாகத் தெரிந்தால் இன்னும் குறைக்க வேண்டும்.

முன்னால் போய் மறிக்கக் கூடாது, நேர் பின்னால் துரத்தவும் கூடாது. பக்கவாட்டில், அது போகும் திசையிலேயே, ஒழுங்கை ஒன்றில் சேர்ந்து நடப்பது போலப் போக வேண்டும். குட்டி கூட இருந்தால் 300 மீற்றருக்குள் போகவே வேண்டாம். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வள்ளத்தை விட நினைக்கவே கூடாது. ஏற்கெனவே மூன்று வள்ளம் நின்றால் நீங்கள் வெளியே பொறுத்திருங்கள்.

திமிங்கிலம் தானாக உங்களை நோக்கி வந்தால்? கியரை நியூட்ரலுக்கு எடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். தண்ணீரில் குதிக்க வேண்டாம்.

5. எண்ணுவது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நீலத்திமிங்கிலம் மேலே வந்ததும் சில தடவை ஊதும். பிறகு முதுகை வளைக்கும். இங்குள்ளவை பல நேரம் வாலையும் தூக்கிவிட்டுத் தாழும். தாழ்ந்த இடத்தில் எண்ணெய் ஊற்றியது போல வழுவழுப்பான வட்டம் ஒன்று மிதக்கும். அந்த இடத்துக்கு ஓடாதீர்கள். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக மூச்சுக்கு மேலே வரும். துரத்தினால் மூச்சு முழுதாக எடுக்காமலே தாழ்ந்துவிடும், அப்புறம் எங்கே வருமென்று யாருக்கும் தெரியாது. எங்கள் வள்ளக்கார அண்ணன் இரண்டாவது பயணத்தில் எஞ்சினை வெறுமனே ஓடவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பொறு தம்பி, அதுக்கும் மூச்சு வேணும்தானே" என்றார். பதினொராவது நிமிடம் இடப்பக்கம் ஊதியது. ஒருவரும் எழும்பவில்லை.

ஒரு திமிங்கிலத்தோடு அரை மணி நேரம் போதும்.

6. டொல்பின் கூட்டம் வந்தால்

சுழன்று துள்ளும் டொல்பின்கள் தாங்களாகவே வள்ளத்தின் முன்னால் வந்து நீந்தும். நேராக, ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருங்கள். வட்டம் அடிப்பதும் சட்டென்று வேகம் கூட்டுவதும் வேண்டாம். மீன் எறிய வேண்டாம்.

7. திரும்பும்போது

300 மீற்றர் தாண்டும்வரை அதே மெதுவான வேகம். பிறகு வேகம் கூட்டலாம், ஆனால் எல்லோரும் போனில் படம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் இதுதான். முன்னால் இருப்பவர் ஒருவராவது கடலைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். இரவு விட்ட வலைகளின் மிதப்புகள் வெயில் முகத்தில் அடிக்கும்போது கண்ணுக்குப் படாது. ஒன்று எஞ்சின் சுழலியில் சுற்றினால் மீனவருடைய வலையும் போய்விடும், உங்கள் எஞ்சினும் நின்றுவிடும்.