சின்ன வகுப்பில் ஓர் எழுத்தாளரைப் படிப்பது எப்படி?

‘எழுத்தாளரை அறிவோம்’ என்றதும் பிறந்த ஆண்டு, பெற்ற விருது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறோம். பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள், மறந்துவிடுகிறார்கள். ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு வேண்டியது அதுவல்ல. கையில் இருக்கும் புத்தகத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துச் செய்தார் என்பது புரிய வேண்டும். புரிந்துவிட்டால் தானும் செய்யக் கிளம்பிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள் செய்த அமெரிக்க எழுத்தாளர் எரிக் கார்லை வைத்து நான் செய்யும் முறை இது. இரண்டு வாரம் போதும்.

படி 1: தேர்வு

பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். வகுப்பு அலமாரியில் எந்தப் புத்தகம் ஓரம் மடங்கி, கிழிந்து கிடக்கிறதோ அதை எழுதியவர்தான் அவர்களுக்குப் பிடித்தவர். அவருடைய புத்தகங்கள் குறைந்தது மூன்று கிடைக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.

படி 2: முதல் புத்தகத்தைச் சும்மா வாசியுங்கள்

நான் தொடங்குவது ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ (1969). கேள்வி எதுவும் வேண்டாம். கம்பளிப்புழு தின்ற இடத்தில் தாளில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். என் வகுப்பில் ஒரு சிறுமி அதில் சுண்டுவிரலை விட்டு மறுபக்கம் ஆட்டிக் காட்டினாள். அப்புறம் எல்லாரும் விரலை விட்டுப் பார்க்கும்வரை பக்கத்தைத் திருப்ப விடவில்லை. அவசரப்படுத்தாதீர்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

படி 3: ஒரே மாதிரி என்ன இருக்கிறது?

அடுத்த நாட்களில் ‘தி வெரி பிஸி ஸ்பைடர்’ (1984), ‘தி வெரி கொயட் கிரிக்கெட்’ (1990). முதலாவதில் சிலந்தி வலை தடவினால் விரலில் தட்டுப்படும். இரண்டாவதில் கடைசிப் பக்கத்தைத் திறந்ததும் சுவர்க்கோழி சத்தம் போடும். பேட்டரி தீர்ந்திருக்கிறதா என்று முன்னாடியே பார்த்துவிடுங்கள்.

“மூன்றிலும் ஒரே மாதிரி என்ன இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். “எல்லாம் பூச்சி”, “பேப்பர் ஒட்டின மாதிரி இருக்கு” என்று வரும். அவர்கள் சொன்னபடியே சார்ட்டில் எழுதுங்கள். திருத்தாதீர்கள்.

படி 4: இப்போது எழுத்தாளரின் கதை

வாழ்க்கை வரலாறு முழுதும் வேண்டாம். இது ஒன்று போதும். கார்ல் ஒருநாள் பஞ்சிங் மெஷினால் தாள்களில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது புத்தகப் புழு நினைவுக்கு வந்தது. முதலில் எழுதியது வில்லி என்ற புழுவின் கதை. அவருடைய பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸுக்குப் புழு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கம்பளிப்புழுவாக இருக்கலாமே என்றார். உடனே கார்லுக்கு வண்ணத்துப்பூச்சி முடிவு கிடைத்துவிட்டது.

இதை நிதானமாகச் சொல்லுங்கள். அழித்து எழுதச் சொன்னால் கண் கலங்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. பெரிய எழுத்தாளரும் மாற்றி எழுதினார் என்று கேட்கும்போது அதன் முகம் தெளிவதைப் பார்க்கலாம்.

படி 5: செய்து பார்ப்பது

கார்ல் மெல்லிய டிஷ்யூ தாளில் வண்ணம் பூசி, காயவைத்து, வெட்டி ஒட்டிப் படம் செய்தார். கை துடைக்கும் தாள் அல்ல. பரிசுப் பொருள் சுற்றும் ரகம். முதல் நாள் பூசுவது மட்டும். தூரிகை, பழைய சீப்பு, ஸ்பாஞ்சு எதுவானாலும் கோடுகள் விழும். அடியில் செய்தித்தாள் போட்டால் ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் விரிப்பு நல்லது. நன்றாகக் காய்ந்தபின்தான் எடுக்க வேண்டும். மறுநாள் வெட்டி, பசையை அட்டையில் தடவி ஒட்டச் சொல்லுங்கள். தாளில் தடவினால் கிழிந்துவிடும்.

பிறகு கதை. ஓர் உயிரினம், நான்கு வாக்கியம், தொட்டுப் பார்க்க ஏதாவது ஒன்று. பஞ்சு, நூல், ஓட்டை, எதுவும் சரி.

படி 6: வாசிப்பு

ஒரு நாற்காலியை முன்னால் போடுங்கள். எழுதியவர் அதில் உட்கார்ந்து வாசிக்கட்டும். அட்டையில் பெயர் கட்டாயம்.

“அவருக்கு லெட்டர் எழுதலாமா?” என்று யாராவது கேட்பார்கள். கார்ல் 2021இல் இறந்துவிட்டார், அதை மறைக்காமல் சொல்லுங்கள். உயிரோடிருக்கும் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்திருந்தால் பதிப்பகத்தின் முகவரிக்கு வகுப்பே சேர்ந்து ஒரு கடிதம் எழுதலாம். பிள்ளைகள் செய்த புத்தகங்களைக் கார்லின் புத்தகங்களுக்குப் பக்கத்திலேயே அலமாரியில் அடுக்குங்கள், மற்றவர்கள் எடுத்துப் படிக்கட்டும்.