எல்எஸ்1 இன்ஜின் ஹெட்டில் வலுக்கூடிய வால்வு ஸ்பிரிங் பொருத்தும் முறை

செவ்ரோலே கார்வெட் காரில் 1997-இல் அறிமுகமான எல்எஸ்1, அலுமினிய ஹெட்டுகள் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும், வால்வுகள் அமரும் பகுதிகள்) கொண்ட 5.7 லிட்டர் வி8 இன்ஜின். சிலிண்டருக்கு இரண்டு வீதம் இதில் 16 வால்வுகள் உள்ளன. ஆலையில் பொருத்தப்பட்ட கேம் ஷாஃப்ட் (மேடுகளால் வால்வுகளைத் திறக்கும் சுழல்தண்டு) வால்வை ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் திறக்கும். அதைக் கழற்றிவிட்டு 14 மில்லிமீட்டர் திறக்கும் கேமைப் போட்டால், பழைய ஸ்பிரிங்குகளை அப்படியே விட்டுவைக்க முடியாது. வால்வை மூடவைக்கும் விசை ஸ்பிரிங்கிலிருந்து மட்டுமே வருகிறது. வால்வின் நிலைம விசையோ சுழற்சி வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றிலிருந்து 7000 சுற்றுக்குப் போனால் அந்த விசை 36 சதவீதம் கூடிவிடும். அதைத் தாங்காத ஸ்பிரிங் வால்வை கேமின் வளைவோடு ஒட்டி நகர்த்தத் தவறும்போது வால்வு மிதக்கிறது. மிதக்கும் வால்வு பிஸ்டனில் மோதவும் கூடும்.

ஸ்பிரிங்கை மாட்டுவது அரைநாள் வேலை, அளவெடுப்பதுதான் உண்மையான வேலை. ஆகவே ஹெட்டுகள் ஏற்கெனவே கழற்றப்பட்டு, மேசைமேல் இருப்பதாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தேவையானவை: சி வடிவ ஸ்பிரிங் அமுக்கி, சிறு காந்தம், ரப்பர் சுத்தியல், வெர்னியர், ஸ்பிரிங் உயரம் அளக்கும் மைக்ரோமீட்டர், பல கனங்களில் ஷிம்கள் (உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய வளையத் தகடுகள்), கண்ணாடி. கடைசியாகச் சொன்னது கண்ணுக்கு அணிவது. அமுக்கப்பட்ட ஸ்பிரிங்கிலிருந்து தெறித்த ஒரு லாக் (ஸ்பிரிங்கின் மேல்மூடியை வால்வுத் தண்டோடு பூட்டும் சிறு அரைவளையம்) என் பட்டறைச் சுவரில் விட்ட தடம் இன்னும் இருக்கிறது.

முதலில், தடித்த அட்டையொன்றில் 16 துளைகளிட்டு எண் எழுதுங்கள். எந்த வால்வு எந்த கைடிலிருந்து (வால்வுத் தண்டு ஏறியிறங்கும் குழாய்) வந்ததோ அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஓடி ஓடி ஒன்றோடொன்று பழகிய பரப்புகளை மாற்றிப்போட்டால் கசிவு வரும். பிறகு ஸ்பிரிங்கின் மேல்மூடியான ரிட்டெய்னரின் மேல் ஒரு சாக்கெட்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள். இறுகிப்போன லாக்குகள் விடுபட்டுவிடுவதால் அமுக்கியோடு மல்லுக்கட்ட வேண்டியிராது. ஸ்பிரிங்கை அமுக்கி, இரண்டு லாக்குகளையும் காந்தத்தால் எடுத்துவிட்டு மெதுவாகத் தளர்த்துங்கள். வால்வை உருவும் முன் தண்டின் நுனியையும் லாக் பள்ளத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டுப்பட்டால் மெல்லிய அரத்தால் நீக்குங்கள், இல்லையேல் அது கைடின் உட்புறத்தைக் கீறிவிடும்.

எல்எஸ்1 ஹெட்டில் புதியவர்கள் இடறும் இடம் இதுதான். ஆலையில் வரும் ஆயில் சீலும் (தண்டு வழியே எண்ணெய் இறங்காமல் தடுப்பது) ஸ்பிரிங் அமரும் எஃகுத் தட்டும் ஒரே துண்டாக இருக்கும். பெரிய ஸ்பிரிங்குக்குள் சிறியதை வைத்த இரட்டை ஸ்பிரிங்கைப் போடுவதானால் அந்தத் துண்டு பொருந்தாது. தனித் தட்டும் தனிச் சீலும் வாங்க வேண்டும். தட்டே இல்லாமல் ஸ்பிரிங்கை நேரடியாக அலுமினியத்தில் உட்காரவைத்தால் அது உலோகத்தைத் தின்றுவிடும். இரட்டை ஸ்பிரிங்கின் ஆதாயம் விசை மட்டுமன்று: ஒன்று உடைந்தாலும் மற்றது வால்வைச் சிலிண்டருக்குள் விழாமல் பிடித்துக்கொள்ளும்.

தட்டை வைத்து, வால்வை நுழைத்து, ஸ்பிரிங் இல்லாமலேயே ரிட்டெய்னரையும் லாக்குகளையும் மாட்டுங்கள். தட்டின் மேற்பரப்புக்கும் ரிட்டெய்னரில் ஸ்பிரிங் படும் இடத்துக்கும் இடையே உள்ள தூரத்தை மைக்ரோமீட்டரால் அளங்கள். இதுவே பொருத்திய உயரம். எல்எஸ்1 ஹெட்டில் வழக்கமான அளவு 1.800 அங்குலம், அதாவது 45.7 மில்லிமீட்டர், ஆனாலும் ஸ்பிரிங்கோடு வரும் தாளில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். 16 வால்வுகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். வால்வு அமரும் இடத்தை ஒருமுறை அரைத்திருந்தாலே வால்வு உள்ளே அமிழ்ந்து தண்டு மேலே நீண்டிருக்கும், உயரமும் கூடியிருக்கும். 46.5 காட்டினால் 0.8 மில்லிமீட்டர் ஷிம் ஒன்றைத் தட்டின் அடியில் வையுங்கள். அற்ப வித்தியாசமாகத் தோன்றலாம். ஒரு மில்லிமீட்டருக்கு 6.6 கிலோ வீதம் விசை ஏறும் ஸ்பிரிங்கில் அது 5 கிலோவுக்கு மேல். உயரம் குறைவாக இருந்தால் ஷிம் உதவாது. ரிட்டெய்னரைச் சற்று மேலே நிறுத்தும் லாக்குகள் தேவைப்படும்.

அடுத்தது இரண்டு இடைவெளிகள். 45.7-இல் பொருத்திய ஸ்பிரிங், வால்வு 14 மில்லிமீட்டர் திறக்கும்போது 31.7 ஆகச் சுருங்கும். எல்லாச் சுருள்களும் ஒன்றையொன்று தொட்டு முற்றிலும் இறுகும் உயரம் 29.2 என்று வைத்துக்கொண்டால் 2.5 மிச்சம். குறைந்தது 1.5 மில்லிமீட்டர் மிஞ்ச வேண்டும். அதுவும் மீறப்பட்டு ஸ்பிரிங் முற்றிலும் இறுகிவிட்டால், கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் புஷ்ராடோ (தள்ளுதண்டு) ராக்கரோ (வால்வை அமுக்கும் நெம்புகோல்) வளையும் அல்லது உடையும். அதேபோல் முழுத் திறப்பில் ரிட்டெய்னரின் அடிப்பாகம் சீலின் உச்சியைத் தொடாமல் 1.5 மில்லிமீட்டராவது விலகியிருக்க வேண்டும். சீலை வைத்தபின், மூடிய நிலையில் அந்தத் தூரத்தை அளந்து திறப்பைக் கழித்தால் விடை கிடைத்துவிடும். அளவில் நிறைவு ஏற்படாதவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இனி இறுதிப் பொருத்தம். தண்டில் எண்ணெய் தடவி வால்வை நுழையுங்கள். லாக் பள்ளத்தின் கூர் விளிம்பு சீலின் உதட்டைக் கிழிக்காதபடி நுனியில் பிளாஸ்டிக் உறையைச் சொருகியபின் சீலை இறக்குங்கள். அடி அகன்று நுனி குறுகிய தேன்கூடு வடிவ ஸ்பிரிங்கானால் குறுகிய நுனி மேலே வரும். சுருள்கள் ஒருபுறம் நெருக்கமாக உள்ள ஸ்பிரிங்கானால் நெருக்கமான பக்கம் ஹெட்டை நோக்கி இருக்கட்டும். லாக்கின் உள்முகத்தில் சிறிது கிரீஸ் பூசினால் அது தண்டிலேயே ஒட்டிக்கொண்டு, அமுக்கியைத் தளர்த்தும்வரை நழுவாது. இரண்டு லாக்குகளுக்கும் நடுவே இருபுறமும் சமமான இடைவெளி தெரிய வேண்டும். எல்லாம் முடிந்ததும் துணியொன்றைப் போர்த்தி ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ரப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்; சரியாக உட்காராத லாக் இன்ஜினுக்குள் கழல்வதைவிட மேசைமேல் கழல்வது மேல்.

ஹெட்டைத் திரும்ப ஏற்றும்போது ஆலையில் வந்த ஹெட் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தாதீர்கள். முறுக்கில் நீண்டுவிடும் வகை என்பதால் புதியவையே வேண்டும். ராக்கர் போல்ட்டுகளை, அந்தந்த வால்வு மூடியிருந்து லிஃப்டர் (கேமின்மேல் ஓடி புஷ்ராடைத் தள்ளும் பாகம்) கேமின் தாழ்ந்த பக்கத்தில் நிற்கும்போது, 30 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். ஹெட் அரைக்கப்பட்டிருந்தால் புஷ்ராடின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டியிருக்கும். முதல் முறை இன்ஜினை ஓடவிடும்போது வேகத்தை ஏற்றாமல் சூடேறவிட்டு, அணைத்து, முழுவதும் ஆறவிடுங்கள். புதிய ஸ்பிரிங் முதல் சூட்டில் சிறிது விசையை இழந்து நிலைபெறும். அதன்பிறகே வேகத்தைச் சோதிக்கலாம்.