11 இலக்க வேகன் நம்பரைச் சரிபார்ப்பது எப்படி?

அரிசி ஏற்றிய ரேக் (சரக்கு ரயிலின் வேகன் வரிசை) ஒன்று வந்து நின்றது, மொத்தம் 42 வேகன். நான் நோட்டில் எழுதியதில் ஒரு நம்பர் ஆர்.ஆரில் (ரயில்வே தரும் சரக்கு ரசீதில்) இல்லை; ஆர்.ஆரில் இருந்த ஒன்று என் நோட்டில் இல்லை. நேரத்துக்குள் இறக்கி முடிக்காவிட்டால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) விழும், நானோ உச்சி வெயிலில் ஜல்லிமேல் இரண்டாம் முறை நடந்துகொண்டிருந்தேன். பெயிண்ட் உரிந்த ஒரு 9-ஐ 6 என்று எழுதியிருக்கிறேன். ரயில்வேயில் ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் சிரித்தார்: “கடைசி நம்பர் எதுக்குத் தம்பி இருக்கு?”

அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

1. நம்பரைப் பிரித்து எழுதுங்கள். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும். போனில் படம் எடுத்துக்கொள்வதை நான் நம்புவதில்லை. துருவும் நிழலும் சேர்ந்தால் 3-ம் 8-ம் ஒன்றாகத்தான் தெரியும். உதாரணத்துக்கு நானே போட்ட நம்பர் இது: 31 06 09 1724 3.

2. முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை. 10 முதல் 29 வரை மேல் திறந்தது, 30–39 மூடியது, 40–54 டேங்க், 55–69 தட்டையானது, 70–79 ஹாப்பர் (அடியில் திறந்து சரக்கைக் கொட்டுவது), 80–84 நடுவில் தாழ்ந்த வெல் வேகன், 85–89 பிரேக் வேன். மூடிய வேகன் முன்னால் நின்றுகொண்டு 13 என்று எழுதியிருந்தால் அங்கேயே தவறு பிடிபட்டுவிடும்.

3. அடுத்த இரண்டும் எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. 06 என்றால் தெற்கு ரயில்வே. அதற்காக வண்டி சென்னையிலிருந்து வந்தது என்று நினைத்துவிடாதீர்கள், வேகன்கள் நாடு முழுக்கச் சுற்றுபவை.

4. அதற்கடுத்த 09, தயாரித்த ஆண்டு 2009. பக்கத்தில் பி.ஓ.எச். என்று தனியாக எழுதியிருக்கும் தேதி பணிமனையில் பழுதுபார்த்தது, இரண்டையும் குழப்பாதீர்கள். பிறகு வரும் நான்கு இலக்கம் அந்த வேகனுக்கே உரிய எண்.

5. இனி செக் டிஜிட், அதாவது முன்னால் உள்ள பத்து இலக்கமும் சரிதானா என்று சோதிக்க வைத்திருக்கும் கடைசி இலக்கம். நான் தடுக்கி விழுந்த இடம் இது, நிதானமாகப் பாருங்கள். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, மற்ற பத்தையும் இடமிருந்து 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு வந்து, இரட்டைப்படை இடங்களில் இருப்பதைக் கூட்டுங்கள்: 1+6+9+7+4 = 27. மூன்றால் பெருக்கினால் 81. ஒற்றைப்படை இடங்கள்: 3+0+0+1+2 = 6. ஆக 87. அடுத்த பத்தின் மடங்கு 90. அதற்கு 3 குறைகிறது. வேகனில் கடைசியாக இருப்பதும் 3. சரி.

இரட்டைப்படை என்பது இடம், இலக்கம் அல்ல. முதல் நாள் நான் 6, 4, 2 என்று இரட்டை எண்களாகப் பொறுக்கிக் கூட்டிக்கொண்டிருந்தேன்! அது புரிந்த பிறகு ஒற்றைப்படைக் கூட்டலைப் போய் மூன்றால் பெருக்கினேன், 5 வந்தது. இரண்டு நாள் பெயிண்ட் அடித்தவரைத் திட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்த 9-ஐ 6 என்று படித்தால் என்ன ஆகும்? 24-ஐ மூன்றால் பெருக்கி 72, ஆறு சேர்த்து 78, செக் டிஜிட் 2. வேகனில் 3 இருக்கிறது, பொருந்தவில்லை. ஓர் இலக்கம் மட்டும் தவறினால் இந்தக் கணக்கு கட்டாயம் காட்டிக்கொடுக்கும்.

பொருந்தாவிட்டால் மறுபக்கம் எழுதியிருப்பதையும் போய்ப் பாருங்கள். வேகனுக்கு அடியில் மட்டும் நுழையாதீர்கள். எவ்வளவு அவசரமானாலும் ரேக் முனையைச் சுற்றித்தான் போகவேண்டும்.

பின்சேர்க்கை: கூட்டுத்தொகையே 80 என்று வந்தால் 10 எழுதுவதா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை, 0.

இன்னொருவர் என் கணக்கிலேயே ஓட்டை கண்டுபிடித்தார். 1724-ஐ 1274 என்று மாற்றி எழுதினாலும் செக் டிஜிட் 3 தான் வருகிறது. போட்டுப் பார்த்தேன், 66-ம் 11-ம் 77, உண்மைதான். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களுக்கு இடையே 5 வித்தியாசம் இருந்தால் (2-ம் 7-ம், 1-ம் 6-ம் போல) இடம் மாறினாலும் தெரியாது. அதனால் அந்த நான்கு இலக்கத்தை மட்டும் இப்போது வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுகிறேன். லோடு இறக்குபவர்கள் ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்.