ப்ராஜெக்ட் சாஃப்ட்வேர் வாங்கும்போது நம் ஊர் கம்பெனிகள் சறுக்கும் இடங்கள்

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் ஆம்பூர் பக்கமும் நூறு, இருநூறு பேர் வேலை செய்யும் கம்பெனிகள் இப்போது ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் தேடுகின்றன. ஆர்டர் கூடிவிட்டது, வாட்ஸ்ஆப் குரூப்பும் எக்செல்லும் தாங்கவில்லை. தேடுவது நல்லதுதான். ஆனால் முன்பு நான் வேலை பார்த்த ஃபேப்ரிகேஷன் கம்பெனி எங்கே சறுக்கியதோ, அதே இடத்தில் இவர்களும் சறுக்குகிறார்கள். விலையை ஒப்பிடுங்கள், பேக்கப் எடுங்கள் என்பதெல்லாம் தெரிந்த விஷயம், அதை விட்டுவிடுகிறேன்.

டெமோவைப் பார்த்தே முடிவெடுப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். டெமோ நடப்பது முதலாளியின் அறையில். அவர், அக்கவுண்ட்ஸ் மேனேஜர், விற்க வந்தவர். திரையில் ஓடுவது விற்பவர் தயாரித்து வைத்த மாதிரி ப்ராஜெக்ட். அதில் டிராயிங் மாறாது, யாரும் லீவு போட மாட்டார்கள், எல்லாம் பச்சை. "சரி, நல்லா இருக்கே" என்று சொல்லி வருஷ சந்தாவைக் கட்டிவிடுவார்கள். தினமும் அதில் விவரம் ஏற்றப்போகும் சூப்பர்வைசர் அந்த அறைக்குள் வந்ததே இல்லை.

எங்கள் கம்பெனியில் பாய்லருக்கான டக்ட் செய்தோம். டிராயிங் அனுப்பி, கஸ்டமர் அப்ரூவல் வாங்கி, பிளேட் வாங்கி, கட்டிங், ஃபிட்-அப், வெல்டிங், இன்ஸ்பெக்ஷன், பெயின்டிங், டிஸ்பாட்ச் கிளியரன்ஸ் என்று போகும். அப்ரூவலுக்குப் போன டிராயிங் வாரக்கணக்கில் கஸ்டமரிடமே கிடக்கும். வாங்கிய சாஃப்ட்வேரில் 'நடக்கிறது', 'முடிந்தது' என்று இரண்டே நிலை. 'கஸ்டமரிடம் நிற்கிறது' என்று குறிக்க இடமில்லை. அந்தத் தாமதமெல்லாம் டிசைன் இன்ஜினியர் பெயரில் சிவப்பாக நின்றது. திங்கட்கிழமை மீட்டிங் தோறும் திட்டு வாங்கியே அவர் வேலையை விட்டுப் போனார்.

ஷாப் ஃப்ளோரில் இன்னும் மோசம். வெல்டிங் சூப்பர்வைசர் ஒரு வேலையைக் குறிக்கக் கிளவுஸைக் கழற்றி ஆறு திரை தாண்ட வேண்டும். அவர் ஆபீசுக்குப் போன் போட்டு, "தொண்ணூறு பர்சென்ட் ஆச்சு தம்பி" என்பார். கிளார்க் 90 என்று ஏற்றுவான். அடுத்த வாரமும் 90. மிச்சம் பத்து என்பது இன்ஸ்பெக்டர் வருகைக்குக் காத்திருப்பது என்று திரையைப் பார்க்கும் யாருக்கும் தெரியாது. உண்மை நிலவரம் பழையபடி வாட்ஸ்ஆப் குரூப்பில் ஓடியது. திரையில் இருந்த எண்ணை நம்பி மார்க்கெட்டிங் ஆட்கள் டிஸ்பாட்ச் தேதி கொடுத்தார்கள். தேதி தவறியது, பில்லில் எல்.டி., அதாவது தாமத அபராதம், பிடித்தார்கள். அதன் பக்கத்தில் சந்தா ஒன்றுமே இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். இலவச ட்ரையல் வாங்குங்கள். கடைசியாகத் தாமதமான உங்கள் ஆர்டர் ஒன்றை, அதன் டிராயிங் திருத்தங்களோடு, உங்கள் ஆட்களே அதில் ஏற்றட்டும். விற்பவர் கை வைக்கக்கூடாது. ஷூ கம்பெனியாக இருந்தால், பையர் திருப்பி அனுப்பிய சாம்பிள் ஒன்றை எடுங்கள். கலர் சரியில்லை என்று திரும்பி வந்த வேலையை மறுபடி முந்தைய கட்டத்துக்குத் தள்ள முடிகிறதா? தள்ளினால் அடுத்த தேதிகள் தானாக நகர்கின்றனவா? தமிழில் தட்டிய குறிப்பு, தேடும்போது அகப்படுகிறதா? அப்புறம் இரண்டு சூப்பர்வைசர்களிடம் ஒரு மாதம் கொடுங்கள். யாரும் நினைவுபடுத்தாமல் அவர்களே குறித்தால் வாங்குங்கள். கிளார்க்குக்குப் போன் வந்தால் வேறு பாருங்கள்.

ஐ.டி. கம்பெனியில் பார்த்ததைக் கொண்டுவருவது

வி.ஐ.டி.யில் படித்து, சென்னையில் கொஞ்ச நாள் ஐ.டி.யில் இருந்துவிட்டு வரும் முதலாளி மகன்கள் உடனே அட்லாசியன் கம்பெனியின் ஜிரா என்பார்கள். நல்ல கருவிதான். ஆனால் 2002-ல் அது வந்ததே சாஃப்ட்வேர் பிழைகளைக் கண்காணிக்க. தோல் பதனிடும் டிரம்முக்கு அதை வளைக்கலாம். வளைத்துப் பராமரிக்க ஓர் ஆள் நிரந்தரமாக வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தையும் கணக்கில் சேருங்கள்.

ஒரே லாகின் ஐடியில் ஐந்து பேர்

கூடாது. யார் எதை மாற்றினார்கள் என்ற தடமே போய்விடும்.

எக்செல்லை முதல் நாளே நிறுத்துவது

ஒரு ஆர்டர் முடியும்வரை இரண்டும் ஓடட்டும்.

டாலர் விலையை மட்டும் பார்ப்பது

விலை பெரும்பாலும் தலைக்கு, மாதத்துக்கு இவ்வளவு என்றிருக்கும். நம் சூப்பர்வைசர், ஸ்டோர்ஸ், குவாலிட்டி எல்லோரையும் எண்ணிப் பெருக்குங்கள். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வெளிநாட்டுக் கம்பெனியிடம் நேரடியாக வாங்கினால் ரிவர்ஸ் சார்ஜில் நாமே கட்ட வேண்டும். ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெளியே வரும் வழியைக் கேட்காமல் உள்ளே போவது

சொந்த சர்வரில் ஜிரா ஓட்டியவர்களுக்கு, சர்வர் பதிப்புக்கான ஆதரவை 2024 பிப்ரவரி 15-ல் அட்லாசியன் நிறுத்தியது. முன்பே அறிவித்துத்தான் செய்தார்கள். ஆனாலும் கிளவுடுக்கோ டேட்டா சென்டர் பதிப்புக்கோ மாற வேண்டியிருந்தது. எந்தக் கம்பெனியும் இப்படி மாறலாம். ட்ரையல் முடிவதற்குள் எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தி, வரும் ஃபைலை எக்செல்லில் திறந்து பாருங்கள். டாஸ்க் பட்டியல் வந்துவிடும். கமென்ட்டும், இணைத்த டிராயிங்கும், பழைய தேதி மாற்றங்களும் வந்தனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.