பகிடியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிகளில் வேலை செய்பவர்களும் புறாத்தீவுக்குப் படகு ஓட்டுபவர்களும் விலை, நேரம், வழி எல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார்கள். பகிடி என்று வந்ததும் நாக்கு தடுமாறும். நாம் பகிடியை 'விடுகிறோம்', ஜோக்கை 'அடிக்கிறோம்'. ஆங்கிலத்தில் இந்த இரண்டு வினையும் செல்லாது. 'சே எ ஜோக்', 'டூ எ ஜோக்' என்பதும் பிழையே.

முன்பே தெரிந்த ஒரு பகிடியைத் தொடக்கம் முதல் முடிவு வரை சொன்னால் 'டெல் எ ஜோக்'. பேச்சுக்கு நடுவே சட்டென்று ஒன்றை எடுத்துவிட்டால் 'கிராக் எ ஜோக்'. ஒரு விஷயத்தை வைத்துப் பகிடி பண்ணினால் 'மேக் எ ஜோக் அபவுட்'. செருப்பை ஒளித்துவைப்பது போல, செயலால் ஒருவரை ஏமாற்றிச் சிரித்தால் 'பிளே எ ஜோக் ஆன்'. 'மேக் ஃபன் ஆஃப்' இவற்றோடு சேராது. அது ஆளை நக்கலடிப்பது, விருந்தினரிடம் வேண்டாம்.

படகில் ஒருவர் சுறாவைப் பற்றிப் பயத்தோடு கேட்கிறார். படகுக்காரர் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "இன்றைக்கு வெள்ளிக்கிழமை, சுறாவும் மரக்கறிதான்" என்கிறார். அவர் செய்தது 'கிராக் எ ஜோக்'. முகம் மாறாமல் இருந்தது 'கீப் எ ஸ்ட்ரெய்ட் ஃபேஸ்'. நம் வெள்ளிக்கிழமை விரதம் தெரியாதவருக்குப் பகிடி பிடிபடவில்லை: 'ஹீ டிடிண்ட் கெட் த ஜோக்'. சொன்னது எடுபடாமல் போனது: 'த ஜோக் ஃபெல் ஃப்ளாட்'. விளக்கிய பிறகு அவர் குபீரென்று சிரித்தால் 'ஹீ பர்ஸ்ட் அவுட் லாஃபிங்', அல்லது 'பர்ஸ்ட் இன்டு லாஃப்டர்'. அவுட்டோடு லாஃபிங், இன்டுவோடு லாஃப்டர். மாற்றிப் போட்டால் இரண்டும் கெட்டுவிடும். இறந்த காலத்திலும் 'பர்ஸ்ட்'தான், 'பர்ஸ்டட்' அல்ல.

பெரிய ஆபத்து 'சிரி' என்ற சொல்லில் இருக்கிறது. வாய்விட்டுச் சிரித்தாலும் புன்னகைத்தாலும் தமிழில் சிரிப்புத்தான். வரவேற்பு மேசையில் ஒரு பெண் அன்பாகப் புன்னகைத்ததை 'ஷீ லாஃப்ட் அட் மீ' என்று சொன்னால், அவர் உங்களை ஏளனம் செய்தார் என்று பொருளாகிவிடும். 'ஷீ ஸ்மைல்ட் அட் மீ' என்பதே சரி. பகிடியைக் கேட்டுச் சிரித்தால் 'லாஃப் அட் த ஜோக்', அதில் குற்றமில்லை. ஆளோடு சேர்ந்து சிரித்தால் 'லாஃப் வித்'.

'ஃபன்' வேறு, 'ஃபன்னி' வேறு. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனது சந்தோஷமாக இருந்தால் 'இட் வாஸ் ஃபன்'. 'ஃபன்னி' என்றால் அங்கே சிரிக்கும்படி ஏதோ நடந்திருக்க வேண்டும். அதற்கு விசித்திரம் என்றும் பொருள் உண்டு. மீன் கறியில் 'ஃபன்னி ஸ்மெல்' என்று ஒருவர் சொன்னால் பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள், உடனே சட்டியைப் போய்ப் பாருங்கள்.

நகைச்சுவை உணர்வு உள்ளவரை 'ஹீ இஸ் ஹியூமர்' என்கிறார்கள். 'ஹீ ஹேஸ் எ குட் சென்ஸ் ஆஃப் ஹியூமர்' என்று முழுதாகச் சொல்லுங்கள், அந்த 'எ' விடுபடக்கூடாது. முகம் மாறாமல், சாதாரணமாகப் பேசுவது போலச் சொல்லும் பகிடி 'டிரை ஹியூமர்'. சாவு, நோய் போன்றவற்றை வைத்துச் சொல்வது 'டார்க் ஹியூமர்'. பகிடியைத் தாங்கிக்கொள்ளாதவரை 'ஹீ கான்ட் டேக் எ ஜோக்' என்பார்கள். யாராவது மனம் நொந்துவிட்டால் 'சாரி, ஐ வாஸ் ஒன்லி ஜோக்கிங்' என்று உடனே சொல்லிவிட வேண்டும்.

கொப்பியில் தனிச்சொல்லாக எழுதாமல் முழு வாக்கியமாக எழுதுங்கள், ஒரு நாளைக்கு 3 போதும். வினையை இறந்த காலத்திலும் ஒருமுறை எழுதிப் பாருங்கள்: டெல், டோல்ட், ஃபால், ஃபெல்.

சிரித்துக்கொண்டே உயிர்காப்பு அங்கியைக் கழற்றப் பார்ப்பவரிடம் 'த கரன்ட் இஸ் நோ ஜோக்' என்று சொல்லுங்கள். நீரோட்டம் விளையாட்டல்ல என்பது அவருக்குப் புரியும்.